கோடு வரைந்தோரும் கோட்டின் கீழோரும்

'வறுமைக் கோடு' என்னும் சொல் நமக்கு நன்கு பழகிய சொல். செய்தித்தாளில் படிக்கின்றோம்; மேடைப் பேச்சுகளில் கேட்கின்றோம்; உதவித்தொகை விண்ணப்பங்களில் எழுதி நிரப்புகின்றோம். ஆற்றுக்குக் கரைபோல, வயலுக்கு வரப்புபோல, ஏழைக்கும் ஏழையல்லாதவருக்கும் நடுவே இயற்கையே இட்ட எல்லை ஒன்று உண்டு என்பதாகவே அச்சொல்லைக் கையாண்டு வருகின்றோம். ஆனால் அக்கோட்டை மண்ணில் கண்டவர் எவருமிலர். அது தாளில் இருக்கின்றது. தாளில் இருப்பதால், அதனை வரைந்த கை ஒன்று இருந்திருத்தல் வேண்டும். அக்கை யாருடையது? எதனை அளவாகக் கொண்டு வரைந்தது? வரைந்தபோது எதனைச் சொல்ல விரும்பிற்று? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் செல்வோமாயின் ஓர் உண்மை நமக்குப் புலப்படும். கோடு வரைந்தோர் பலரும் அதனோடு ஓர் எச்சரிக்கையையும் எழுதி வைத்தனர். கோடு நிலைத்தது, எச்சரிக்கை மறைந்தது. அவ்வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இலண்டனும் யார்க்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் செல்வம் மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இங்கிலாந்து விளங்கிற்று. எனினும் அதன் தலைநகரில் ஏழைகள் எத்தனை பேர் என்பதை எவரும் திட்டமாக அறிந்திலர். சிலர் மிகைப்படுத்திக் கூறினர். சிலர் அடியோடு மறுத்தனர். சார்லஸ் பூத் என்னும் கப்பல் வணிகர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு 1886இல் இக்கணக்கைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு கேட்டு வீடு வீடாகச் சென்று வந்த கல்விக்குழு அலுவலர்களிடம் அவர்கள் கண்டறிந்த செய்திகளைக் கேட்டுத் தொகுத்தார். தெருத் தெருவாக வண்ணம் தீட்டி நிலப்படம் அமைத்தார். மிகத் தாழ்ந்த நிலையில் இருந்த தெருக்களுக்குக் கறுப்பும், செல்வர் வாழ்ந்த தெருக்களுக்கு மஞ்சளும் இட்டார். பதினேழு தொகுதிகளாக விரிந்த அவ்வாய்வு, இலண்டன் மக்களுள் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் வாடுகின்றனர் என்று காட்டிற்று.

இலண்டன் மாநகரம் ஆயிற்றே, அங்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமிருந்தது. மற்ற ஊர்களின் நிலை என்ன என்று கேட்டவர் சீபோம் ரௌண்ட்ரி. யார்க் நகரில் கோக்கோவும் சாக்லேட்டும் செய்து விற்ற தொழிற்சாலைக் குடும்பத்தில் 1871இல் பிறந்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். 1899இல் அவர் தம் ஊரிலேயே கணக்கெடுக்கலானார். தொழிலாளர் குடும்பங்கள் அனைத்தையும் ஒன்று விடாமல் காண்பது அவரது திட்டம். அவ்வாறு 11,560 குடும்பங்களைச் சேர்ந்த 46,754 பேரைப் பற்றிய செய்திகள் திரட்டப்பெற்றன.

செய்திகள் திரண்டபின் அவர் முன் நின்ற கேள்வி எளியது, விடையோ கடியது. இவர்களுள் யாரை ஏழை என்பது? பார்த்தவர் கண்ணுக்குத் தோன்றியதைச் சொன்னால், மறுப்போர் அதனை ஏற்க மாட்டார்கள். ஆதலால் அவர் அறிவியலின் துணையை நாடினார். மனித உடல் உழைப்பதற்கு எத்துணை வெப்ப ஆற்றல் வேண்டும் என்பதை அமெரிக்க அறிஞர் அட்வாட்டர் அப்போது ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். அந்த அளவைக் கொண்டு, மிகவும் மலிவான உணவுப் பட்டியல் ஒன்றை ரௌண்ட்ரி அமைத்தார். ஆதரவற்றோரை அடைத்து வேலை வாங்கிச் சோறிட்ட அரசு ஏழையர் விடுதியின் உணவைவிடவும் அப்பட்டியல் எளிமையானது. கசாப்புக் கடை இறைச்சி அதில் இடம்பெறவே இல்லை. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் அடங்கிய குடும்பத்திற்கு வாரத்திற்கு உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ். வாடகைக்கு 4 ஷில்லிங். உடை, விளக்கு, விறகு, மற்றவற்றிற்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். ஆக மொத்தம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். இதுவே அவர் வரைந்த கோடு.

இத்தொகைக்குள் வாழும் குடும்பம் எவற்றையெல்லாம் துறக்க வேண்டியிருக்கும் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். அக்குடும்பத்தார் எந்த வண்டியிலும் ஏறிச் செல்ல இயலாது. செய்தித்தாள் வாங்க இயலாது. பிழைப்புக்காக வெளியூர் சென்ற மகனுக்கு மடல் எழுதலாம். அஞ்சல்தலைக்குக் காசு இராது. பிள்ளைகளின் கையில் ஒரு பொம்மையோ மிட்டாயோ இராது. அண்டை வீட்டார் துன்புற்றாலும் கைகொடுக்க ஒன்றும் இராது. ஞாயிறு வழிபாட்டில் காணிக்கைத் தட்டு வரும்போது இடுவதற்கு ஒரு காசும் இராது. குடும்பத்தலைவன் ஒரு நாளும் வேலைக்குச் செல்லாமல் இருத்தல் ஆகாது. இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்குச் செலவிட்டால், அச்செலவு வயிற்றிலிருந்தே வர வேண்டும். உடலின் உழைப்பாற்றலைக் காப்பதற்கு மட்டுமே இக்கோடு போதும்; மனித வாழ்வுக்குப் போதாது என்பதே அவர் சொல்லவந்த செய்தி.

அத்துணைத் தாழ வரைந்த கோட்டுக்கும் கீழே 7,230 பேர் இருந்தனர். அவர்கள் ஈட்டிய பொருள் முழுவதையும் ஒரு காசும் வீணாக்காமல் செலவிட்டாலும் உடல் நலம் காக்க இயலாதவர்கள். இதனை அவர் 'முதல்நிலை வறுமை' என்றார். ஈட்டும் பொருள் கோட்டை எட்டினாலும், அதில் ஒரு பகுதி நல்லதோ தீயதோ வேறு செலவுகளில் கரைந்துவிடுவதால் வறுமையில் வாழ்ந்தோர் 13,072 பேர். இது 'இரண்டாம்நிலை வறுமை'. இரண்டையும் கூட்டினால் நகர மக்களுள் 27.84 விழுக்காடு. பெரிய இலண்டனுக்கும் சிறிய யார்க்கிற்கும் மிகுந்த வேறுபாடு இல்லை என்பது 1901இல் அவர் வெளியிட்ட நூலால் தெளிவாயிற்று.

கோட்டை ஏன் அவ்வளவு தாழ்வாக வரைந்தார்? ஏழைகள் குடித்து அழிகின்றனர், சோம்பித் திரிகின்றனர், அதனாலேயே வாடுகின்றனர் என்பது அன்றைய கனவான்களின் வாதம். அவ்வாதத்தை வீழ்த்துவதற்கு, எவரும் குறைசொல்ல இயலாத அளவுக்குக் கடுமையான கணக்கு வேண்டியிருந்தது. காரணங்களையும் அவர் ஆராய்ந்தார். முதல்நிலை வறுமையில் இருந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர், ஒழுங்காக வேலை செய்யும் குடும்பத்தலைவரைக் கொண்ட வீட்டினர்! வேலை இருந்தது; கூலி போதவில்லை. அக்கோடு எதிர்வாதத்தின் வாயடைக்க எழுந்த சான்று. ஏழைக்கு இவ்வளவு போதும் என்று கூற எழுந்த தீர்ப்பு அன்று.

ரௌண்ட்ரியே அதனைத் தம் வாழ்நாளில் திருத்திக்கொண்டார். 1918இல் தொழிலாளரின் மனிதத் தேவைகளைப் பற்றி எழுதிய நூலில் மேலும் விரிந்ததோர் அளவை முன்வைத்தார். 1936இல் மீண்டும் யார்க் நகரைக் கணக்கெடுத்தபோது செய்தித்தாள், வானொலி, சிறு பரிசுகள் முதலியவற்றிற்கும் இடம் தந்தார். அந்தப் புதிய அளவின்படி தொழிலாளர் மக்களுள் 31.1 விழுக்காட்டினர் கோட்டின்கீழ் இருந்தனர். பழைய கோட்டால் அளந்தபோதோ முதல்நிலை வறுமை 6.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, எண்ணியவரும் ஒருவரே. கேட்ட கேள்வி வேறாகையால் விடையும் வேறாயிற்று. உயிர் தரிக்க எவ்வளவு வேண்டும் என்பது ஒரு கேள்வி. மனிதராய் வாழ எவ்வளவு வேண்டும் என்பது மற்றொரு கேள்வி.

இவ்விரண்டாம் கேள்வியை நம் திருச்சபையும் அக்காலத்திலேயே எழுப்பியிருந்தது. 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல், முதலாளியும் தொழிலாளியும் உடன்பட்டுவிட்டனர் என்பதால் மட்டும் ஒரு கூலி நேரிய கூலி ஆகிவிடாது என்று கற்பித்தது. சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கும் அளவுக்கேனும் அது இருத்தல் வேண்டும் என்றது. அந்தக் கோட்பாட்டை எண்ணாக மாற்ற முயன்றவர் ஜான் ரயன் என்னும் அமெரிக்கக் குரு. 1906இல் வெளிவந்த நூலில், அந்நாட்டு நகரங்களில் ஆண்டுக்கு 600 டாலருக்குக் குறைந்த எதுவும் ஒரு குடும்பத்தின் வாழ்வூதியம் ஆகாது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கோக்கோ வணிகரும் கத்தோலிக்கக் குருவும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே வாயிலைத் தட்டியதை நாம் கருதிப் பார்க்கலாம்.

சிறைச் சோறும் குடியானவன் சோறும்

ரௌண்ட்ரியின் நூல் வெளிவந்த அதே 1901இல் இலண்டனில் மற்றொரு நூலும் வெளிவந்தது. அதன் ஆசிரியர் தாதாபாய் நௌரோஜி. 1892இல் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற இந்தியர். இந்தியரின் வறுமையைப் பற்றி அவர் 1870களிலிருந்தே கணக்கிட்டு வந்தார். 1867-68ஆம் ஆண்டு விளைவையெல்லாம் கூட்டிப் பிரித்துப் பார்த்து, பிரித்தானிய இந்தியாவில் தலைக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று கண்டார். அது போதுமா போதாதா என்று அறிவதெப்படி? அவர் தேர்ந்த அளவுகோல் கூர்மையானது. அரசு தன் சிறைகளில் அடைத்துள்ள குற்றவாளிக்குச் சோற்றுக்கும் துணிக்கும் எவ்வளவு செலவிடுகின்றது என்பதை அரசின் அறிக்கைகளிலிருந்தே எடுத்தார். பல மாகாணங்களில் அத்தொகை, குற்றமற்ற குடியானவனுக்குக் கிடைத்த சராசரியை மிஞ்சி நின்றது.

யார்க்கில் ஏழையர் விடுதி, இந்தியாவில் சிறைச்சாலை. இருவரும் ஒரே உத்தியைக் கையாண்டனர். ஆட்சியாளர் தாமே ஒப்புக்கொண்ட மிகத் தாழ்ந்த அளவைக் கையிலெடுத்து, அதனையும் எட்டாதோர் இத்தனை பேர் என்று காட்டினர். வறுமைக் கோடு பிறந்தபோது அது குற்றச்சாட்டாகவே பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்றால் பெருக்கிய கணக்கு

அரை நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிருவாகத்தில் பணியாற்றிய மோலி ஓர்ஷான்ஸ்கி என்னும் பெண்மணி அடுத்த கோட்டை வரைந்தார். ஏழைக் குடியேறிகளின் மகளாக நியூயார்க்கில் வளர்ந்தவர் அவர். 1963லும் 1965லும் அவர் எழுதிய கட்டுரைகளின் கணக்கு மிகவும் எளியது. வேளாண்மைத் துறை வகுத்திருந்த உணவுத் திட்டங்களுள் மிக மலிவானதை எடுத்துக்கொண்டார். 1955இல் நடந்த ஆய்வின்படி, குடும்பங்கள் தம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. ஆகவே உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். நால்வர் அடங்கிய குடும்பத்திற்கு 1963இல் ஆண்டுக்குச் சுமார் 3,100 டாலர் என்று கோடு அமைந்தது.

இங்கும் ஓர் எச்சரிக்கை இருந்தது. அம்மலிவான உணவுத் திட்டம், கையில் பணம் குறைந்த நெருக்கடிக் காலத்தில் தற்காலிகமாகக் கைக்கொள்வதற்கென்றே வகுக்கப்பெற்றது. ஆண்டு முழுதும் உண்பதற்கன்று. தாம் வரைந்தது போதுமையின் அளவன்று, போதாமையின் அளவே என்பதை ஓர்ஷான்ஸ்கியும் தெளிவுறுத்தினார். ஆயினும் 1969இல் அதுவே அரசின் அதிகாரப்பூர்வமான கோடாயிற்று. அதன்பின் விலைவாசிக்கேற்ப அதனை உயர்த்துவதன்றி அடிப்படையில் மாற்றவில்லை. இன்று அமெரிக்கக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. வீட்டு வாடகையும் மருத்துவமும் பெரும் பங்கை விழுங்குகின்றன. ஆயினும் அதிகாரப்பூர்வமான கோட்டின் அடியில் 'மூன்றால் பெருக்கு' என்னும் பழைய கணக்கே கிடக்கின்றது. அதன் குறைகளை ஈடுசெய்ய 2011 முதல் துணைக் கணக்கு ஒன்றும் உடன் வெளியிடப்படுகின்றது.

நம் நாட்டின் கோடுகள்

விடுதலை பெற்ற இந்தியாவில், 1962இல் திட்டக்குழு அறிஞர் சிலரைக் கூட்டி ஆராயச் செய்தது. ஒருவருக்கு மாதத்திற்கு 1960-61 விலையில் 20 ரூபாய் குறைந்த அளவுச் செலவாகும் என்று அவர்கள் கூறினர். அத்தொகையில் மருத்துவச் செலவும் கல்விச் செலவும் சேரவில்லை. ஏன்? அவ்விரண்டையும் அரசே அனைவருக்கும் வழங்கும் என்பது அவர்கள் கொண்ட எதிர்பார்ப்பு. எனவே அந்த 20 ரூபாய்க்குப் பின்னே ஒரு வாக்குறுதி நின்றது.

1971இல் புனேயைச் சேர்ந்த தண்டேகர், நீலகண்ட ரத் என்னும் இரு பொருளியலறிஞர் நாளொன்றுக்கு 2,250 கலோரி தரும் உணவை அளவாகக் கொண்டு ஆராய்ந்தனர்; 1960-61இல் கிராம மக்களுள் சுமார் 40 விழுக்காட்டினரும் நகர மக்களுள் ஏறக்குறைய பாதிப்பேரும் அதனை எட்டவில்லை என்று கண்டனர். 1979இல் அலக் குழு, கிராமத்தாருக்கு 2,400 கலோரி, நகரத்தாருக்கு 2,100 கலோரி என்று வகுத்தது. 1973-74 விலையில் மாதம் 49.09 ரூபாயும் 56.64 ரூபாயும் செலவிடுவோர் அவ்வளவு உணவை உண்கின்றனர் என்று கணக்கிட்டது. பின்னர் ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்பத் தொகை உயர்ந்தது. மக்களின் வாழ்க்கை முறையோ வேறு திசையில் மாறிற்று. பள்ளிக் கட்டணம் வந்தது. மருந்துக் கடைச் சீட்டு வந்தது. வேலைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் வந்தது. வாக்குறுதி தளர்ந்தபின்னும், அதனை நம்பி வரைந்த கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

2009இல்தான் டெண்டுல்கர் குழு, மக்கள் கல்விக்கும் மருத்துவத்திற்கும் தம் கைப்பணத்தைச் செலவிடுகின்றனர் என்பதைக் கணக்கில் சேர்த்தது. 1962இன் எதிர்பார்ப்பு பொய்த்தது என்பதை ஏட்டில் ஏற்றுக்கொள்ள நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின. ஆனால் அதே குழு கலோரி அளவை அடிப்படையாகக் கொள்வதைக் கைவிட்டது. அதன் நகரக் கோட்டில் வாழ்ந்தோர் உண்டது நாளொன்றுக்கு 1,776 கலோரி என்று அக்குழுவே குறிப்பிட்டது. பழைய அளவோ 2,100.

2011 செப்டம்பரில் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலம் ஒன்றைத் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்பது அதில் கண்ட கோடு. நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. பின்னர் அமைந்த ரங்கராஜன் குழு 2014இல் அதனை நகரத்தில் 47 ரூபாய், கிராமத்தில் 32 ரூபாய் என உயர்த்தியது. இதன் விளைவை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். டெண்டுல்கர் முறைப்படி 2011-12இல் நாட்டின் ஏழையர் 21.9 விழுக்காடு, சுமார் 27 கோடிப் பேர். ரங்கராஜன் முறைப்படி அதே ஆண்டில் 29.5 விழுக்காடு, சுமார் 36 கோடிப் பேர். ஒன்பது கோடி மக்கள்! அவர்களுடைய அடுப்பில் ஒரு பிடி அரிசி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒரு கோட்டின்படி அவர்கள் ஏழைகள். மற்றொரு கோட்டின்படி ஏழைகள் அல்லர். ரங்கராஜன் குழுவின் கோட்டை அரசு முறையாக ஏற்கவில்லை.

உலக வங்கி வரைந்த கோடும் இத்தகையதே. 1990இல் மிக ஏழ்மையான நாடுகள் தமக்கென வகுத்திருந்த கோடுகளை ஒப்பிட்டு, அவை நாளொன்றுக்கு ஒரு டாலரை ஒட்டி அமைந்திருக்கக் கண்டு, அதனையே உலகக் கோடாக வைத்தனர். இங்கே டாலர் என்பது நாணய மாற்றுக் கடையில் கிடைக்கும் டாலர் அன்று. ஒவ்வொரு நாட்டிலும் அப்பணம் எவ்வளவு பொருள் வாங்கும் என்பதற்கேற்பத் திருத்திய டாலர். 2008இல் 1.25, 2015இல் 1.90, 2022இல் 2.15, 2025 ஜூனில் 3 டாலர் என அக்கோடு மாறி வந்துள்ளது. இந்த 3 டாலர் கோட்டின்படி 2022-23இல் இந்தியாவின் ஏழையர் ஐந்து விழுக்காட்டைச் சற்றே தாண்டுவர். முன்னேற்றம் மெய்யானதே, அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த ஐந்தைத் தவிர்த்த தொண்ணூற்றைந்து பேரும் வளமாய் வாழ்கின்றனர் என்று அக்கோடு கூறவில்லை. அவ்வாறு கூறுவதாக நாமே பொருள் செய்துகொள்கின்றோம்.

கோடு காணாதவை

கோட்டுக்கு மேலோர், கீழோர் என்று எண்ணுவதில் உள்ள குறை ஒன்றினை அமர்த்தியா சென் 1976இல் எடுத்துக் காட்டினார். ஓர் எளிய கணக்கால் அதனை விளக்கலாம். கோடு 100 ரூபாய் என்க. ஒருவரிடம் 98 ரூபாய். மற்றொருவரிடம் 40 ரூபாய். இருவரும் ஏழைகள். 40 உடையவரிடமிருந்து 3 ரூபாயைப் பறித்து 98 உடையவருக்குக் கொடுத்தால், இவர் 101 ஆகிக் கோட்டைத் தாண்டிவிடுவார். ஏழைகள் இருவர் ஒருவராயினர், வறுமை பாதியாயிற்று! ஆனால் எஞ்சிய ஏழையின் நிலை? தலைகளை மட்டும் எண்ணும் அரசு, கோட்டை ஒட்டி நிற்போரைக் கைதூக்கிவிட்டு எளிதில் வெற்றி காட்டலாம். பள்ளத்தின் ஆழத்தில் கிடப்போரை மறந்துவிடலாம். ஆகவே ஏழையர் கோட்டிலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கின்றனர் என்பதும் அளவில் சேர வேண்டும் என்றார் சென். 1984இல் ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் என்னும் மூவர் அதற்கேற்ற எளிய வாய்பாடு ஒன்றை அமைத்தனர்.

கோடு காணாத மற்றொன்று, செல்வர்க்கும் ஏழைக்கும் இடைப்பட்ட தொலைவு. அதனை அளக்க 1905இல் மாக்ஸ் லோரன்ஸ் என்னும் அமெரிக்கர் ஒரு வளைகோட்டைக் காட்டினார். மக்கள் அனைவரையும் ஏழையிலிருந்து செல்வர்வரை வரிசையாக நிறுத்தி, முதல் பத்துப் பேரிடம் மொத்தச் செல்வத்தில் எவ்வளவு, முதல் இருபது பேரிடம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே செல்வது அம்முறை. அனைவரும் சமமாயின் கோடு நேராகச் செல்லும். ஏற்றத்தாழ்வு மிக மிக அது கீழ்நோக்கித் தொய்யும். அத்தொய்வினை ஒரே எண்ணாகச் சுருக்கியவர் இத்தாலிய அறிஞர் கொராடோ ஜினி, ஆண்டு 1912. அவ்வெண் சுழியமாயின் முழுச் சமன். ஒன்றாயின் எல்லாம் ஒருவனிடம்.

இவ்வெண்ணும் கேட்கும் கேள்விக்கேற்பவே விடை கூறும். 2022-23ஆம் ஆண்டின் வீட்டுச் செலவைக் கொண்டு உலக வங்கி கணித்த இந்தியாவின் ஜினி எண் 0.255, 2011-12இல் இருந்ததைவிடக் குறைவு, உலக நாடுகளிடையே மிகச் சமன் வாய்ந்த நாடு போன்ற தோற்றம். ஆனால் அதே 2022-23இல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினருக்குச் சென்றது என்று, வரிக் கணக்குகளையும் சேர்த்து ஆராய்ந்த உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தார் 2024இல் வெளியிட்டனர். முன்னது செலவை அளந்தது. பின்னது வருமானத்தை அளந்தது. ஏழை ஈட்டியதையெல்லாம் உண்டு தீர்க்கின்றான். செல்வன் ஈட்டியதில் பெரும்பகுதியைச் சேர்த்து வைக்கின்றான். மேலும், கணக்கெடுப்போர் செல்வரின் உயர்ந்த வாயிற்கதவைக் கடந்து உள்ளே செல்வதும் அரிது. எனவே எந்த எண் நம் முன் வந்தாலும், அது எதனை அளந்தது என்று கேட்பது நம் கடமை.

மூன்றாவதாக, கோடு குடும்பத்தை எண்ணுகின்றது. குடும்பத்திற்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டால் அனைவருக்கும் சமபங்கு கிடைத்ததாகிவிடும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பானையில் எஞ்சியதை உண்ணும் தாய், நம் வீடுகளில் புதியவளல்லள். அவள் பட்டினியாய் உறங்கினாலும் கோட்டுக்கு மேலேதான் உறங்குகின்றாள்.

இக்குறைகளில் சிலவற்றையேனும் நிரப்ப முயன்றோரும் உளர். 1990இல் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று வகுத்த மனித வளர்ச்சிக் குறியீடு, வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்துக் கண்டது. 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளரும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தாரும் சேர்ந்து வகுத்த பல்பரிமாண வறுமைக் குறியீடு, ஊட்டம், பள்ளிப்படிப்பு, குடிநீர், கழிப்பறை, அடுப்பெரி, வீடு முதலிய பத்தினைக் கேட்டறிகின்றது. பணத்தை மட்டும் பார்த்த கண், வீட்டையும் பார்க்கத் தொடங்கியது நன்றே.

நம் கையிலுள்ள எழுதுகோல்

அளவையே வேண்டாம் என்று கூறுவோமானால் அது பேதைமையாகும். பூத்தும் ரௌண்ட்ரியும் நௌரோஜியும் எண்ணியிராவிட்டால், ஏழைகள் சோம்பேறிகள் என்னும் பழி இன்றும் மறுப்பின்றி நின்றிருக்கும். எண்ணப்படாதவர்களுக்கு எவரும் விடை சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எண்ணுதல் நீதியின் முதற்படி. ஆனால் 'இதற்கும் கீழே மனிதர் வாழ்கின்றனரே!' என்று அலறிய கோட்டை, 'இதற்கு மேலிருப்போர்க்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை' என்று ஆறுதல் கூறும் கோடாக மாற்றிக்கொள்ளும்போது, அளவுகோல் கைமாறிவிடுகின்றது.

இம்மாற்றம் அரசு அலுவலகங்களில் மட்டும் நிகழ்வதன்று. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் உதவிக்குரியோர் பட்டியலை எழுத அமரும்போதும் ஒரு கோடு வரையப்படுகின்றது. ஓட்டு வீடாயிற்றே, மகன் வேலைக்குப் போகின்றானே, வீட்டில் தொலைக்காட்சி இருக்கின்றதே என்று நாமும் பெயர்களை அடிக்கின்றோம். பணம் குறைவு; கேட்போர் மிகுதி; அடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அடித்த பெயர், ஏழையல்லாதவரின் பெயர் அன்று. நமக்கு இயலாமற் போனவரின் பெயர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மறவாதிருப்பதே கோடு வரைந்தோர் நமக்கு விட்டுச் சென்ற எச்சரிக்கை.

எருசலேம் கோவிலில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த இயேசு, இரண்டு காசுகளை இட்டுச் சென்ற கைம்பெண்ணைக் கண்டார் என்று மாற்கு நற்செய்தியில் படிக்கின்றோம். 1899ஆம் ஆண்டின் யார்க் கணக்குப்படி அவள் செய்தது தவறான செலவு. உடல் நலத்திற்குரிய பட்டியலில் காணிக்கைக்கு இடமில்லை. அந்த இரு காசும் அவளது வயிற்றிலிருந்தே எடுக்கப்பட்டவை. ரௌண்ட்ரி தம் பட்டியலில் அக்காணிக்கையை விட்டுவிட்டபோது, அது விடத்தக்கது என்று கருதி விடவில்லை. அதனை விடும்படி ஒரு குடும்பத்தைக் கேட்பது எத்துணைக் கொடுமை என்று நாம் உணர்வதற்காகவே எழுதி வைத்தார். கொடுப்பதற்கும் ஏதேனும் கையில் இருத்தல் வேண்டும் என்பதும் மனிதரின் தேவைகளுள் ஒன்று. அதற்கு எத்தனை ரூபாய் என்று எந்தக் குழுவும் இதுவரை கணக்கிட்டதில்லை.